அரையாண்டும் கொடிநாளும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாலை வகுப்புகளுக்கு ஒழுங்காக வந்தார்கள். விளையாட்டில் கோப்பை, அறிவியல் கண்காட்சியில் பரிசு, மழைக்கு ஒழுகிய கூரைக்கு வழி என இந்தப் பருவம் நிறைவாகவே போனது. விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் கிடைக்கும்.

டிசம்பர் 7 கொடிநாள் நிகழ்ச்சி பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

1949 முதல் நாடு முழுவதும் படைவீரர் நலனுக்காகக் கொடிநாள் கடைப்பிடிக்கப்படுகிறது. நம் பள்ளியும் கொடி விற்று வசூலான பணத்தைக் கட்டிவிடுவது வழக்கம். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதோடு நிற்கவில்லை. கோட்டையூர், பள்ளத்தூர், கண்டனூர், புதுவயல் சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீடுவீடாகப் போய், "உங்க வீட்ல பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவங்க இருக்காங்களா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார்கள். செட்டிநாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய வீடுகளும் சாப்பாடும்தான் ஞாபகம் வரும். இதே மண்ணிலிருந்து நீலகிரி வெலிங்டனுக்குப் போய் மெட்ராஸ் ரெஜிமென்ட்டிலும், பெங்களூருக்குப் போய் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸிலும் சேர்ந்தவர்கள் உண்டு என்பதை நம் பிள்ளைகளே இப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி 2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் உயிர் கொடுத்தார். வீர் சக்ரா அளிக்கப்பட்டது. அவரைப் பற்றி வகுப்பில் பேசியபோது பின் வரிசைகூட அசையவில்லை.

திரும்பாதவர்களில் எல்லோருடைய கதையும் இப்படித் தெளிவாக முடிந்துவிடுவதில்லை. நம் பகுதியிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பிழைக்கப் போய், அங்கேயே நேதாஜியின் படையான இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்து, அதன்பின் கடிதமே வராமல் போனவர்களைப் பற்றியும் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பர்மாவில் யாங்கோனுக்கு வடக்கே தௌக்யானில், இரண்டாம் உலகப் போரில் தங்கள் பக்கம் நின்று மடிந்து, கல்லறை இல்லாத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்களைப் பிரிட்டிஷ் தரப்பு கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. ஐ.என்.ஏ.வுக்குப் போனவர்களுக்கு அந்தக் கல்லிலும் இடம் கிடையாது. வீட்டில் யாராவது சொன்னால்தான் அவர்கள் பெயரே மிஞ்சும்.

அதனால்தான் கொடிநாள் அன்று இரண்டு பட்டியல்கள் வாசித்தோம். ஒன்று வீரமரணம் அடைந்தவர்கள். மற்றொன்று காணாமல் போனவர்கள். முதல் பட்டியலில் உள்ளவர்களின் படங்களுக்கு மாலை போட்டோம். இரண்டாவது பட்டியலில் உள்ளவர்களின் படங்களை மேசைமேல் வைத்ததோடு சரி. மாலையோ ஊதுபத்தியோ வைக்கவில்லை. குடும்பத்தினரிடம் பேசி, அவர்கள் விருப்பப்படி செய்த ஏற்பாடு அது.

அந்த மேசையில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் படை எண்ணும் பெயரும். உள்ளே, 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி எழுதிய நீல இன்லாண்டு கடிதங்கள். 1971 போரில் காணாமல் போனவருடைய பெட்டி அது. அவருடைய மனைவி, நம் மாணவி ஒருத்தியின் அப்பத்தா, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இத்தனை ஆண்டுகளில் நெற்றியில் குங்குமம் இல்லாமல் அவர் வெளியே வந்ததில்லை.

கணவர் பெயரை வாசித்தபோது அவர் அழுதார். அதை அரங்கிலிருந்த பெற்றோர் ஒருவர் முகத்தை நெருக்கி வீடியோ எடுத்திருக்கிறார். அன்று சாயங்காலமே சோகப் பாட்டோடு அது ஸ்டேட்டஸில் வந்தது. வேறு யாரோ மேசையிலிருந்த படத்துக்கு மாலை போட்டது போலச் செய்து, "கண்ணீர் அஞ்சலி" என்று எழுதி அனுப்ப, தேவகோட்டையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் உறவினர்கள் அந்த அம்மாவுக்குத் துக்கம் விசாரிக்கப் போன் செய்திருக்கிறார்கள். மாணவி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். நல்லதைப் பத்துப் பேருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான். "ஐம்பது வருஷம் ஆச்சே, இனி எதுக்கு ரெண்டு பட்டியல்?" என்று சிலர் என்னிடம் கேட்டதிலும் தப்பில்லை. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.32 விமானத்தை நினைத்துப் பாருங்கள். அதன் சிதைவுகள் வங்கக் கடலில் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் தென்பட்டதாக அறிவிப்பு வந்தது 2024 ஜனவரியில். அந்த ஏழரை ஆண்டுகளும் அந்த வீடுகளில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எப்படி இருந்திருக்கும்? எப்போது மாலை போடுவது என்பதை அந்த வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும். நமக்கு அதில் உரிமை இல்லை.

ஆகவே சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்த வீடியோவும் படமும் யாருடைய போனில் இருந்தாலும் இன்றே அழித்துவிடுங்கள். ஜனவரி 26 கொடியேற்றத்துக்குப் பிறகு இவர்களுக்கான பெயர்ப்பலகை திறக்கிறோம். அந்த நேரத்தில் யார் கையிலும் போன் இருக்கக் கூடாது. எடுப்பவர் யாராக இருந்தாலும், பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளராகவே இருந்தாலும், வெளியே போகச் சொல்வேன். பள்ளி சார்பில் ஒருவர் படம் எடுப்பார்; குடும்பத்தினர் பார்த்துச் சம்மதித்த பிறகே அது வெளியே போகும். பலகையிலும் இரண்டு பட்டியல்கள்தான் இருக்கும். இரண்டிலும் பெயர், ஊர், படைப்பிரிவு மட்டும். சாதிப் பெயர் சேர்க்கச் சொல்லி வந்த கோரிக்கைகளுக்கும் இதுவே பதில்.

வீடியோ போட்டவர் விஷயம் தெரிந்ததும் தானே அதை எடுத்துவிட்டு, அந்த அம்மாவின் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தார். அவருக்கு என் நன்றி. பொக்கிஷமாக வைத்திருந்த பெட்டியைப் பிள்ளைகளை நம்பிக் கொடுத்த குடும்பத்துக்கும், வெயிலில் தெருத்தெருவாகச் சுற்றிய பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்த வீட்டாருக்கும், கொடிநாளுக்கு மனமுவந்து கொடுத்த எல்லோருக்கும் நன்றி. இந்த ஊர்ப் பெற்றோர்களை நம்பித்தான் இப்படிப்பட்ட வேலையைத் தொடங்கவே துணிந்தோம்.

பட்டியல் இன்னும் முடியவில்லை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ விடுபட்ட பெயர் இருந்தால், பொங்கல் விடுமுறைக்குள் அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் புக், கடிதம், பழைய போட்டோ எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். உங்கள் கண்முன்னேயே நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தந்துவிடுவோம். எந்தப் பட்டியலில் எழுத வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்