சேச்சி எழுதிய 'மருன்து'

நேற்று ராத்திரிதான் செங்கோட்டை வந்து சேர்ந்தோம். பையன் தூங்குகிறான். காய்ச்சல் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தப் பதினேழு நாள் உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

சோறு கட்டிக் கொடுத்த மதினிமார், ரயிலில் இடம் விட்டவர்கள், பணத்தைக் கொடுத்துவிட்டு அந்தப் பேச்சையே எடுக்காத அண்ணாச்சி, எல்லோருக்கும் கும்பிடு. பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத இவனுக்கு மூணு வாரத்துக்கு ஒருக்க ஏற்றும் இம்யூனோகுளோபுலின் மருந்து, ஆயிரக்கணக்கானோர் கொடுத்த ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்ததாம். முகம் தெரியாத அவர்களுக்கும்தான்.

ஆனால் இந்த மடல் நைட் டூட்டி பார்த்த மலையாள நர்ஸ் சேச்சிக்கு.

பையனின் மரபணு டெஸ்ட் ரிசல்ட் வந்த அன்று 'அம்மா வழி', 'எக்ஸ் குரோமோசோம்' இரண்டும்தான் என் காதில் விழுந்தன. வராண்டாவில் உட்கார்ந்து அழுதேன். டூட்டி முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பிய சேச்சி பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். திருவிதாங்கூர்க் காலத்து ஆச்சியிடம் கேட்டுப் பழகிய மலையாளம் எனக்குக் கைகொடுத்தது. ஒரு சீட்டில் தமிழில் 'மருன்து' என்று எழுதிக் காட்டினார். பிழைதான், ஆனாலும் புரிந்தது. அடுத்து 'மரு' என்று எழுதிப் பேனாவை எடுத்துவிட்டார். அது மருந்தே இல்லை.

இந்த நோய்க்குக் காரணமான பி.டி.கே. என்ற மரபணுவிலும் அப்படித்தானாம். ஓர் எழுத்து மாறினாலும் சிலருக்குப் புரதம் ஓரளவு வேலை செய்யும். பக்கத்துக் கட்டில் பையன் ஒன்பது வயது வரை தாக்குப்பிடித்தது அதனால். என் மகனுக்கு எழுத்து பாதியிலேயே நின்றுவிட்டது. ஆன்டிபாடி செய்யும் பி செல் வளரவில்லை, அதனால் கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியும் இல்லை. "குற்றமல்ல மோளே, எழுதியது நீயல்ல" என்றார் சேச்சி. அந்த 'ன்' வேண்டுமென்றே போட்டதா, தெரியாமல் போட்டதா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

என் அண்ணன் 1987இல், ரெண்டு வயசில் போனான். அம்மா இன்றும் கண்ணேறு என்பாள். இதுவாகத்தான் இருந்திருக்கும். இந்த மரபணுவைக் கண்டுபிடித்ததே 1993இல். அன்றைக்கு அவளிடம் யார் வந்து சொல்ல?

தங்கச்சிக்குத் தையில் கல்யாணம். அவளிடமும் இந்த மரபணுப் பிழை இருக்கலாம். பெண்ணுக்கு இன்னொரு எக்ஸ் ஈடுகட்டிவிடும், வெளியே தெரியாது. இருந்தால், பிறக்கும் ஆண்பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. சொன்னால் சம்பந்தம் முறியும் என்கிறார்கள். சொல்லத்தான் போகிறேன்.

சேச்சி, அடுத்த தடவை அவளையும் டெஸ்டுக்குக் கூட்டி வருகிறேன். நீங்கள் கேட்ட பார்டர் புரோட்டாவும் வரும்.