பூட்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பனிச்சறுக்கு பணக்காரர்களுக்கு மட்டுந்தான் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இங்கே சுவிஸில் மலைமேல் ஏற்றிவிடும் லிப்டுக்கான ஒரு நாள் சீட்டின் விலையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், சரி. ஆனால் கெட்டியான பூட்ஸ் போட்டு, ஒல்லியான பலகையின் விளிம்பால் பனியைக் கீறிக்கொண்டு இறங்குகிற ஆல்பைன் ஸ்னோபோர்டிங்கைப் பழைய சாமான் வாங்கியே தொடங்கலாம். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் செக் நாட்டு வீராங்கனை எஸ்தர் லெடெக்கா, காலுக்கொரு பலகை கட்டிச் சறுக்கும் ஸ்கீயிலும் தங்கம், இதிலும் தங்கம் என்று வென்றாரே, அதே விளையாட்டுதான். 160 செ.மீ. வாக்கில் ஒரு பழைய பலகை புதியவருக்குப் போதும், நீளமான பந்தயப் பலகைக்கு ஆசைப்பட வேண்டாம்.

பூட்ஸ் விஷயம் வேறு. நான் வாங்கிய பழைய பூட்ஸ் பார்க்கப் புதிதுபோலவே இருந்தது. இரண்டாம் நாள் குதிகால் பக்கம் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உடைந்து, ஒரு கால் பலகையை விட்டுக் கழன்று, நல்ல வேளை சரிவின் அடியில் இருந்தேன். வருஷக்கணக்கில் கிடந்தால் பிளாஸ்டிக் அப்படித்தான் நொறுங்கும். வாங்கும் முன் கொக்கிகளைச் சுற்றி விரலால் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஹெல்மெட்டைப் புதிதாகவே வாங்குங்கள்.

அப்புறம், சின்ன மலைகளில் சீட்டு மலிவு. இயந்திரம் சீவிவிட்ட பனி கலையாமல் இருக்கும் காலையிலேயே போய்விடுங்கள்.

இப்படிக்கு,
சுவிஸ் வாசகர் ஒருவர்