பயோகெமிஸ்ட்ரி சேரும் உமையாளுக்காக

காரைக்குடி

அன்புள்ள வள்ளி,

இங்கே எல்லோரும் சுகம். ஆச்சிக்குக் கண்புரை எடுத்தாயிற்று, கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார்கள். உமையாள் பி.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. ஒன்றை மட்டும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். நீட்டுக்கும் மறுபடி படித்துக்கொண்டு இதையும் பார்த்துக்கொள்ளலாம் என்றால், முதல் செமஸ்டரிலேயே இரண்டும் கெடும்.

பயாலஜியில் அவள் கெட்டிக்காரி, அதனால் குளுக்கோஸிலிருந்து உடம்பு ஆற்றல் எடுக்கும் வழிகளான கிளைக்காலிசிஸும் கிரெப்ஸ் சுழற்சியும் வந்துவிடும். பிள்ளைகள் சறுக்குவது கரைசல் கணக்கில்தான். அவள் கணக்கில்லாத குரூப் வேறு. மோல், மோலாரிட்டி (லிட்டருக்கு எத்தனை மோல்), லாகரிதம், நேர்கோட்டுச் சமன்பாடு, இந்த நான்கையும் கல்லூரி திறப்பதற்குள் பழகிவிடட்டும். டிரிஸ் என்ற காரப் பொடியில் ஒரு மோலார் கரைசல் ஒரு லிட்டர் வேண்டுமென்றால் 121.14 கிராம். அதை முதலில் 800 மில்லி தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பி.எச். (அமில-கார அளவு) சரிசெய்து, சூடு ஆறியபின் இன்னொரு தடவை பார்த்து, அப்புறம்தான் லிட்டருக்கு நிரப்புவது. முதலிலேயே நிரப்பிவிட்டால் அமிலம் சேரச் சேர அளவு கூடி, மோலாரிட்டி குறைந்துபோகும். இன்னொன்று, டிரிஸின் பி.எச். ஒரு டிகிரிக்கு 0.028 வீதம் நகரும். நம்ம ஊர் மே மாதத்தில், 35 டிகிரி அறையில் 8.0 என்று வைத்த கரைசல் 4 டிகிரி ஃபிரிட்ஜுக்குள் போனால் 8.9-ஐ நெருங்கிவிடும். என்சைமை அதில் போட்டுவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவார்கள்.

டிரிஸ் போல, அமிலம் விட்டாலும் பி.எச். சட்டென்று மாறாத கரைசலைப் பஃபர் என்பார்கள். அதை வீட்டிலேயே காட்டிவிடலாம். ஒரு கைப்பிடி கவுனி அரிசியை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் ஊதாத் தண்ணீர் கிடைக்கும். அந்தோசயனின் நிறம் அது. இரண்டு டம்ளரில் சமமாக ஊற்றி, ஒன்றில் மட்டும் கால் ஸ்பூன் ஆப்பசோடா போடச் சொல். அது நீலப்பச்சையாகும். இனி இரண்டிலும் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணட்டும். வெறும் கவுனித் தண்ணீர் சில சொட்டிலேயே சிவந்துவிடும். சோடா போட்டது நுரைத்துக்கொண்டு எத்தனையோ சொட்டுவரை தாக்குப்பிடிக்கும். இதைக் கண்ணால் பார்த்தவளுக்கு பஃபரின் பி.எச். கணக்கிடும் ஹெண்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாடு மனப்பாடமாக நிற்காது, புரிந்து நிற்கும்.

லேபில் அவள் திரும்பத் திரும்பப் போடப்போவது, சாம்பிளில் எவ்வளவு புரதம் என்று நிறத்தை வைத்து அளக்கும் லௌரி முறை. 1951-இல் வந்தது, இன்னும் பாடத்தில் இருக்கிறது. மில்லிக்கு 200 மைக்ரோகிராம் உள்ள பி.எஸ்.ஏ. என்ற புரதக் கரைசலை 0.2-லிருந்து 1.0 மில்லி வரை ஐந்து குழாய்களில் எடுத்து, ஒரு மில்லிக்கு நிரப்பி, காரத் தாமிரக் கரைசல் 5 மில்லி சேர்த்துப் பத்து நிமிஷம் வைக்க வேண்டும். அப்புறம் நிறம் தரும் ஃபோலின் கரைசல் 0.5 மில்லி, இருட்டில் அரை மணி, 660 நானோமீட்டரில் ரீடிங். கெடுவது ஃபோலின் இடத்தில். காரத்தில் அது சீக்கிரம் செயலிழந்துவிடும். எல்லாக் குழாயிலும் ஊற்றிவிட்டு ஒட்டுமொத்தமாகக் கலக்கினால் வரைபடத்தில் புள்ளிகள் கோட்டில் உட்காராது. ஒரு குழாயில் விட்டதும் அதை உடனே கலக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். சாம்பிளில் டிரிஸோ, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ.வோ இருந்தாலும் அளவு தப்பும். சாம்பிள் ரீடிங் கடைசிப் புள்ளியைத் தாண்டினால் கோட்டை இழுத்து நீட்டாமல், சாம்பிளை நீர்க்கவைத்து மறுபடி போட வேண்டும். எத்தனை மடங்கு நீர்த்தோமோ அதால் பெருக்க மறப்பவர்கள்தான் அதிகம்!

கைடு புத்தகம் வாங்கித் தராதே. ஒரு குளுக்கோஸிலிருந்து 38 ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) கிடைக்கும் என்று இன்னும் போட்டிருப்பார்கள். எலக்ட்ரானைச் சுமக்கும் என்.ஏ.டி.எச்.சுக்கு 2.5, எஃப்.ஏ.டி.எச்.2-க்கு 1.5 என்று கணக்கிட்டால் 30 அல்லது 32 வரும். அந்த எலக்ட்ரான்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோவது எந்த ஷட்டில் என்பதைப் பொறுத்த வித்தியாசம் அது.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதே, லேபைத் திறந்து காட்டச் சொல். ஒரு பிப்பெட்டுக்கு எத்தனை பேர், கலரிமீட்டர் ஓடுகிறதா, இதை சீனியர் பிள்ளைகளிடம் கேள். ஒரு பிள்ளை கலக்க மற்றவர்கள் நோட்டில் எழுதும் இடமென்றால் வேண்டாம்.

டிகிரி முடித்ததும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை என்று உங்கள் அண்ணன் சொன்னாராமே. அதற்கு டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னாலஜி டிப்ளமோ) போலத் தனிப் படிப்பு உண்டு, அதைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். உமையாளுக்கு எம்.எஸ்ஸி. ஆசை இருந்தால் ஜாம், சி.யு.இ.டி. என்ற எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வுகளின் பழைய வினாத்தாள்களை இரண்டாம் வருஷத்திலிருந்தே போட்டுப் பார்க்கட்டும்.

லேப் கோட் முழுக்கை வைத்துப் பருத்தித் துணியில் தைத்துவிடு, பாலியஸ்டர் நெருப்புப் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். லாகரிதம் போடும் லாக் பட்டன் உள்ள கால்குலேட்டர் ஒன்றும் வாங்கிவிடு. மோல் கணக்கில் எங்கே நிற்கிறாள் என்று எழுது, அதற்கேற்பக் கணக்குகள் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
மீனாள்