ரூம் எதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி லிமிட் எவ்ளோன்னு சொல்லுங்க

பெங்களூர் பிரைவேட் ஆஸ்பத்திரிகள்ல அட்மிஷன் கவுண்டர்லயும் இன்சூரன்ஸ் டெஸ்க்லயும் வேலை பாக்கற எல்லாருக்கும் வணக்கம்.

உங்ககிட்ட முக்கியமா கேக்கறது ஒண்ணே ஒண்ணுதாங்க. "ஜெனரல் வார்டா, ஷேரிங்கா, பிரைவேட்டா"ன்னு கேக்கறீங்கல்ல, அதுக்கு முன்னாடி அவங்க பாலிசில ரூம் ரென்ட் லிமிட் எவ்ளோன்னு பாத்து வாய்விட்டு சொல்லிடுங்க. "உங்களுக்கு ஒரு நாளைக்கு அஞ்சாயிரம் வரைக்கும்தான், அதுக்கு மேல போனா ரூம் வாடகைல மட்டும் இல்ல, மத்த பில்லுலயும் வெட்டுவாங்க." இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, முக்காவாசி பேருக்கு இந்தக் கணக்கே தெரியாது. 5 லட்சம் பாலிசி, ரூமுக்கு 1 பர்சென்ட் லிமிட், அதாவது நாளைக்கு 5,000, எடுத்த ரூம் 8,000ன்னு வைங்க, நாலு நாளைக்கு 12,000தானே கையில இருந்து போகும்னு நினைச்சிட்டு சரின்னு சொல்லிடறாங்க, ஆனா சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங், டாக்டர் விசிட் எல்லாம் சேந்து 1,60,000 ஆச்சுன்னா அதுலயும் 8,000க்கு 5,000ங்கற அதே விகிதத்துல, எட்டுல அஞ்சு பங்குதான் இன்சூரன்ஸ்ல வரும், அதாவது ஒரு லட்சம், மிச்சம் 60,000 நம்ம தலைல. ரூம் வித்தியாசத்தோட சேத்தா 72,000. பாலிசில இன்னும் நிறைய பாக்கி கிடக்கும், ஆனா எடுக்க முடியாது. மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட், ஐசியூ சார்ஜ் இதுலல்லாம் இப்படி விகிதம் போட்டு வெட்டக்கூடாது, எந்த ரூம் எடுத்தாலும் சர்ஜன் ஃபீஸ் மாதிரி மத்த சார்ஜ் எல்லாம் ஒரே ரேட்டா இருக்கற ஆஸ்பத்திரில வெட்டவே கூடாதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கற ஐஆர்டிஏஐ 2020லயே சொல்லிடுச்சு, அதையும் பில் பாக்க வர்றவங்களுக்கு நீங்க சொல்லலாம்.

எங்க சித்தப்பாவுக்கு பித்தப்பைல கல்லு, ராத்திரி நேரத்துல வலி தாங்காம அட்மிட் பண்ணோம். சித்திகிட்ட கேட்டாங்க, "ஷேரிங் ஃபுல்லு மேடம், பிரைவேட் இருக்கு, கேஷ்லெஸ்தான், ஆயிடும்." அந்த நேரத்துல யாரு பாலிசியைப் பிரிச்சு படிப்பாங்க சொல்லுங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஒரு ஷீட் குடுத்தாங்க, அதுல ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்னு ஒரு லைனு, பக்கத்துல பெரிய அமௌன்ட், மேல சொன்ன அந்த விகித வெட்டுதான் அது. என்னன்னு கேட்டா "அது இன்சூரன்ஸ் கம்பெனி பண்றது, எங்களுக்குத் தெரியாது"ன்னுட்டாங்க. சித்தி அப்பவும் "இப்ப வேணா ஷேரிங்குக்கு மாத்திக்கோங்க தம்பி"ன்னு கேட்டுட்டு நிக்கறாங்க, எனக்கு மனசே விட்டுப்போச்சு.

ஷேரிங் நிஜமாவே ஃபுல்லா இருக்கலாம், அது உங்க தப்பில்ல. ஆனா பெட் காலியானதும் மாத்தித் தர்றோம்னு சொல்லி ஃபார்ம்ல எழுதி வைங்க. ஆபரேஷன் எஸ்டிமேட் குடுக்கறப்போ ஒரே ஒரு ரூமுக்கு மட்டும் குடுக்காம ஷேரிங்னா இவ்ளோ பிரைவேட்னா இவ்ளோன்னு ரெண்டையும் போட்டுக் குடுங்க. கட்டண விவரத்தை எல்லாரும் பாக்கற மாதிரி வைக்கணும்னு கர்நாடகாவோட 2007 பிரைவேட் மருத்துவமனை சட்டமே சொல்லுது, புதுசா எதுவும் கேக்கல.

அப்புறம் டிஸ்சார்ஜ். டிஸ்சார்ஜுக்கு நீங்க அனுப்பற ரெக்வெஸ்ட் போய் சேந்ததும் மூணு மணி நேரத்துக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனி ஃபைனல் அப்ரூவல் குடுக்கணும், லேட்டானா அதனால ஆகற எக்ஸ்ட்ரா சார்ஜை கம்பெனிதான் ஏத்துக்கணும்னு 2024ல ரூல் வந்துடுச்சு. நீங்க ரெக்வெஸ்ட் அனுப்பின டைமை எங்களுக்கும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தா நாங்க அவங்ககிட்ட கேட்டுக்கறோம்.

இதைப் படிக்கற நம்ம ஆளுங்களுக்கும் ஒண்ணு, உங்க பாலிசியை இன்னிக்கே எடுத்து ரூம் ரென்ட் லைனை மட்டும் பாருங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து நாம தனியா எடுக்கற ஹெல்த் பாலிசிக்கு 18 பர்சென்ட் ஜிஎஸ்டி கிடையாது, அந்த மிச்சத்தை ரூம் லிமிட் இல்லாத பிளானுக்கு மாத்தறதுல போடுங்க. வேற கம்பெனிக்கு போர்ட் பண்றதா இருந்தா ரின்யூவலுக்கு 45 நாள் முன்னாடியே அப்ளை பண்ணணும், கடைசி வாரத்துல ஓடாதீங்க. வெட்டினது நியாயமில்லன்னு தோணுச்சுன்னா மொதல்ல கம்பெனிக்கு எழுதுங்க, 30 நாள்ல பதில் வரலன்னாலோ வந்த பதில் சரியில்லன்னாலோ இன்சூரன்ஸ் புகாரை விசாரிச்சு தீர்த்து வைக்கற அதிகாரியான இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், ஃபீஸும் இல்ல, வக்கீலும் வேணாம், பெங்களூர்லயே ஆபீஸ் இருக்கு.

டெஸ்க்ல இருக்கவங்களுக்குத் திரும்பவும் சொல்றேன், அல்சூர், விவேக் நகர், ஸ்ரீராமபுரம் பக்கம் இருந்து வர்ற வயசானவங்க நிறைய பேருக்கு இங்கிலீஷ் ஃபார்ம் படிக்க வராது, நீங்க வாயால சொல்றதுதான் அவங்களுக்குப் பாலிசி. கவுண்டர்ல ஒட்டறதுக்கு இந்த ரூம் ரென்ட் விஷயத்தை கன்னடத்துலயும் தமிழ்லயும் எழுதின நோட்டீஸ் வேணும்னா சொல்லுங்க, எங்க ஏரியா பசங்க சேந்து பிரின்ட் போட்டுக் கொண்டு வந்து குடுக்கறோம்.

இப்படிக்கு,
விவேக் நகர்ல இருந்து ஒரு பாலிசிதாரர்