முத்துவின் ஓடு

பெரம்பூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்து நிம்மதியானேன். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டதாமே, இங்கே இன்னும் புழுக்கம்தான்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய் அல்லவா, தம்பிக்குப் பிறந்தநாள் பரிசாக அவன் மாமா ஒரு குட்டி ஆமை வாங்கிக் கொடுத்தார், கண்ணோரம் சிவப்புக் கோடு இருக்கிறது என்று? எங்கள் முத்துவும் அதே இனம்தான். அதனால் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பங்குனியில் ஒரு நாள் யாழினி முத்துவை மொட்டை மாடியில் வெயில் காய விட்டுவிட்டுக் கீழே வந்தாள். இரண்டு நிமிடம் இருக்கும். அதற்குள் பக்கத்து வீட்டு நாய் கவ்விவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் முதுகோட்டின் பின் விளிம்பில் இரண்டு பல் குழி, அங்கிருந்து விரல் நீளத்துக்கு வெடிப்பு. வெடிப்புக்குள் வெள்ளையாக எலும்பு தெரிந்தது, ஓரத்தில் ரத்தம் கசிந்தது. அதுவரை ஓடு என்றால் நகம் மாதிரி, உணர்ச்சி கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். அது எலும்பு, முருகேசா. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்துதான் அப்படி ஓடாகியிருக்கின்றன. மேலே மூடியிருக்கும் தகடு மட்டும்தான் நகம் போன்றது. உள்ளே நரம்பு இருக்கிறது, ரத்த ஓட்டம் இருக்கிறது, வலிக்கும். அதற்குக் கத்தத் தெரியாது, அவ்வளவுதான். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தது.

வாங்கின கடையில் கேட்டதற்கு, பசை போட்டு ஒட்டிவிடுங்கள் என்றார்கள். நானும் பசையை எடுத்துவிட்டேன். மீனாதான் கையைப் பிடித்துத் தடுத்தாள். அழுக்கும் நாயின் எச்சிலும் உள்ளே இருக்கும்போது மேலே அடைத்திருந்தால், உள்ளுக்குள்ளேயே சீழ் வைத்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அன்று மீனா இல்லாவிட்டால் முத்து இல்லை.

தூக்குவதற்கு இரண்டு கையும் வேண்டும். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் ஓட்டின் இரு பக்கமும் பிடி, வாலைப் பிடிக்காதே. மல்லாத்தவும் கூடாது. நுரையீரல் முதுகோட்டை ஒட்டியே இருக்கிறது, கவிழ்த்தால் குடலெல்லாம் அதன்மேல் அழுந்தி மூச்சு முட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் என்ற உப்புநீர் வாங்கி மெதுவாகக் கழுவினோம். அப்புறம் பீட்டாடினைத் தண்ணீரில் கலந்து, இளந்தேநீர் நிறத்துக்கு வந்ததும் பஞ்சால் தொட்டு வைத்தோம். நுரைக்கும் பெராக்சைடு ஊற்றாதே, நல்ல சதையையும் அது அரிக்கும். தண்ணீர்த் தொட்டியில் திரும்ப விடாமல், ஒரு பிளாஸ்டிக் டப்பில் பழைய துவைத்த துண்டை விரித்துப் படுக்க வைத்து, மேலே கொசுவலைத் துணி கட்டினோம். நம் ஊர் வெக்கையில் ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

அப்படியே ஆட்டோவில் வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் முதலில் பார்த்தது, மூச்சு விடும்போது வெடிப்பில் குமிழி வருகிறதா என்று. வந்தால் நுரையீரல் வரை காயம் போயிருக்கிறது என்று அர்த்தமாம். நல்லவேளை, வரவில்லை. எக்ஸ்ரே எடுத்து, முன்காலில் ஊசி போட்டார். நீ ஆடு வளர்ப்பவன் என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் மருந்தை ஆமையின் பக்கமே கொண்டு போகாதே. துளி போதும், உயிர் போய்விடும்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டமானவை. தினமும் அரை மணி நேரம், காயம் நனையாத அளவுக்குக் கொஞ்சூண்டு வெதுவெதுப்பான நீரில் விட்டோம், குடிப்பதற்காக. மற்ற நேரமெல்லாம் உலர்ந்த துண்டுதான். அதன் உடம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது, சூடு இல்லாவிட்டால் புண் ஆறாது. அதனால் டப்பின் ஒரு பக்கத்துக்கு மேல் ஒரு குண்டு பல்பு கட்டி 28 டிகிரி இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். ஒன்பது நாள் வாயே திறக்கவில்லை. ஊட்டிவிடலாம் என்று யாழினி அழுதாள். வாயைத் திறந்து திணிக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் விட்டுவிட்டோம். பத்தாம் நாள் ஒரு இறால் துண்டை நீரில் போட்டேன். கழுத்தை மெல்ல நீட்டி, ஒரு கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, பட்டென்று கவ்வியது. யாழினி சமையலறைக்கு ஓடி மீனாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

தம்பி ஆமையைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். தொட்டித் தண்ணீரைச் சமையல் தொட்டியில் கொட்டாதே. நோயே இல்லாத ஆமையிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கும். இப்படிக் குழந்தைகளுக்கு நோய் வந்ததால்தான் அமெரிக்காவில் 1975-லேயே நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். இன்னொன்று, வளர்க்க முடியாமல் போனாலும் குளத்திலோ தாமிரபரணியிலோ விட்டுவிடாதே. இது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை, நம் ஊர் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது வெடிப்பு காய்ந்து பழுப்பாகிவிட்டது. எலும்பு முழுசாக ஒட்டிச் சேர ஒரு வருடம்கூட ஆகலாமாம். போன வாரம்தான் தொட்டியில் விட அனுமதி கிடைத்தது. விட்டதும் அடிவரை போய்க் கூழாங்கல்லைக் கீறிக்கொண்டே இருந்தது, அந்தச் சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்டது.

உன் வீட்டு ஆமைக்கு ஏறி வெயில் காய மேடு வைத்திருக்கிறாயா, நாய் எட்டாத இடம்தானா என்று எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்