எல்லோருக்கும் கிடைக்கும் என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், வெளியூரிலிருந்து சென்னைக்குக் குடிபோகிறவர்களுக்காக ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். முடிச்சூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று ஏரியா பெயர்களைப் போட்டு, பக்கத்திலேயே வாடகையையும் போட்டு, “கொஞ்சம் தேடினால் குறைந்த வாடகையில் நல்ல இடம் எல்லோருக்கும் கிடைக்கும்” என்று முடித்திருந்தார் எழுதியவர். அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நாங்கள் ஏழு வாரம் தேடினோம் சார்.

என் மகள் நர்சு. கிண்டி பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை, சம்பளம் 22,000. சனிக்கிழமை சனிக்கிழமை விடியக்காலையில் கடலூரில் பஸ் ஏறி, நாள் முழுக்கத் தெருத்தெருவாக அலைந்து, ராத்திரி திரும்பி வருவோம். டு-லெட் போர்டில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டால், வீட்டைப் பற்றி நாம் ஒரு வார்த்தை கேட்பதற்குள் அவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். நீங்க என்ன ஆளுங்க? சைவமா, அசைவமா? பொண்ணு மட்டும் தனியாவா? துறைமுகத்து மீன் தின்று வளர்ந்த பிள்ளை, மீனே தொடமாட்டேன் என்று பொய் சொல்லிக் குடிபோக வேண்டுமா? நைட் டியூட்டி உண்டு என்று சொன்னதுமே மூன்று வீட்டுக்காரர்கள் போனை வைத்துவிட்டார்கள். ஒருவர், பதினோரு மணிக்கு மேல் கேட்டைத் திறக்கமாட்டோம் என்றார். அவர் வீட்டில் யாருக்காவது நடுராத்திரியில் முடியாமல் போனால் அங்கே விழித்திருந்து பார்க்கப்போவது என் மகள் மாதிரி ஒரு பெண்தானே?

சரி, முடிச்சூருக்கு வருகிறேன். நீங்கள் போட்ட மாதிரியே அங்கே 9,000 ரூபாய்க்கு ஒரு வீடு இருந்தது. கீழ்த்தளம், புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள், வாசலில் ஒரு முருங்கை மரம்கூட உண்டு. மகளுக்குப் பிடித்துவிட்டது. நான் சமையலறையில் சிமெண்ட் அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தேன். சுவருக்கு அடித்தவர்கள் அலமாரிக்கு உள்ளே அடிக்கவில்லை. என் தோள் உயரத்துக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, அதற்குக் கீழே சேறு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் தொட்டால் உதிர்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு வந்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது உங்களுக்குத் தெரியாததா? உங்கள் நாளிதழில்தானே முதல் பக்கத்தில் படம் பார்த்தோம். அதே ஊரை இன்றைக்கு வாடகையை மட்டும் போட்டுச் சிபாரிசு செய்கிறீர்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம், மழைத்தண்ணீர் வந்து தங்குகிற இடம். அதையும் ஒரு வரி சொல்லவில்லை.

அலமாரியைத் திறந்து பார்க்க எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்கள் கடலூர்க்காரர்கள். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், எல்லாவற்றையும் பார்த்தவர்கள். 2015-ல் சென்னைக்கு முன்னாலேயே, நவம்பரிலேயே, எங்கள் மாவட்டம் தண்ணீரில் கிடந்தது. ஆனால் இன்றுவரை நீங்கள் எல்லோரும் அதைச் சென்னை வெள்ளம் என்றுதான் எழுதுகிறீர்கள். அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன், நான்கு வரியாக வெட்டி, கடலூர் என்ற பெயரையும் எடுத்துவிட்டுப் போட்டீர்கள். அது இன்னும் என் மனசில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு ஊரிலேயே நல்ல சம்பளத்தில் வேலை இருந்தால் சென்னையில் அலமாரி அலமாரியாகத் திறந்து பார்க்கும் வேலை எங்களுக்கு எதற்கு? அதைப் பற்றியும் நீங்கள் எழுதுவதில்லை.

அப்புறம் அட்வான்ஸ். அந்தப் பக்கத்தில் அந்த வார்த்தையே இல்லை! 12,000 வாடகை என்றால் பத்து மாதம், 1,20,000 எடுத்து வை என்கிறார்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. கரண்ட்டுக்கு யூனிட் எட்டு ரூபாய், மெயின்டெனன்ஸ் தனி, கோடையில் லாரித் தண்ணீருக்குத் தனி. காலி செய்யும்போது பெயிண்ட் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்களாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்று இருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் வாங்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. வீடு வேண்டும் என்று நிற்கிறவர் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போடமாட்டார்? சட்டத்தை எடுத்துச் சொன்ன எனக்கு ஒரு வீட்டம்மா, “அப்ப சட்டம் இருக்கற இடத்துல போய் வீடு பாருங்கம்மா” என்றார். மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள்.

கடைசியில் ஆலந்தூரில் ஒரு அறையும் சமையலறையும் கிடைத்தது. வாடகை 13,000, அட்வான்ஸ் 70,000. என் வளையல் நான்கும் அடகில் இருக்கிறது. அதுவும் தேடிக் கிடைத்ததில்லை, அவளோடு வேலை பார்க்கும் நெய்வேலிப் பெண் காலி செய்யும்போது சொல்லிவிட்டுப் போனதால் கிடைத்தது. தெரிந்தவர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று அந்தக் கட்டுரையாளர் யோசித்திருக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை இப்படி ஏரியா பட்டியல் போடும்போது, வாடகைக்குப் பக்கத்திலேயே 2015-லும் 2023 டிசம்பர் புயலிலும் அங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது, மே மாதம் குழாயில் தண்ணீர் வருமா, ராத்திரி ஸ்டேஷனில் இறங்கினால் வீடு வரை போக கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எத்தனை மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள், இவ்வளவையும் சேர்த்துப் போடுங்கள். இந்த முறையாவது கடிதத்தை வெட்டாமல் போடுங்கள், இடம் இல்லையென்றால் கடலூர் என்ற பெயரையாவது விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.