ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே இணைப்பு துண்டிக்கப்படுவது: கோளாறு போனில் இல்லை, டேஷ்போர்டு வயரிங்கில்

அனுப்புநர்:
கார் உரிமையாளர்,
கோயம்புத்தூர்.
(பதிவு எண், சேசிஸ் எண், ஜாப் கார்டு நகல்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கார் தயாரிப்பு நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: வாரண்டியில் உள்ள காரின் யுஎஸ்பி வயரிங்கை மாற்றித் தரவும், இசை இணைப்பு மென்பொருளைச் சரிசெய்யவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் காரின் உயர்நிலை மாடலில், போனை யுஎஸ்பி கேபிள் வழியே டேஷ்போர்டுத் திரையுடன் இணைத்தால் ஆண்ட்ராய்டு ஆட்டோ (போனின் மேப்பையும் பாட்டையும் காரின் திரையில் காட்டும் வசதி) நிலைத்து நிற்பதில்லை. மேப் வழி சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை கறுக்கிறது, பாட்டு நிற்கிறது, சில நொடிகளில் எஃப்எம் ரேடியோ தானாகப் பாடத் தொடங்குகிறது. அதன்பின் போன் இப்போதுதான் செருகப்பட்டதுபோல மறுபடி இணைகிறது, இல்லையென்றால் இணையாமலே கிடக்கிறது. ஐபோனை மாட்டி, அதற்கான இதே வகை வசதியான கார்ப்ளேயை ஓட்டினாலும் இதேதான். உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டில் எழுதித் தருவது "வாடிக்கையாளரின் போன் / கேபிள் பிரச்சினை, வண்டியில் குறை இல்லை" என்ற ஒரே வரி. அந்த வரி தவறு. ஸ்கிரீனின் பின்புறத்திலிருந்து கியர் லீவருக்கு முன்னால் இருக்கும் போர்ட் வரை டேஷ்போர்டுக்குள் வரும் கேபிளில்தான் கோளாறு இருக்கிறது. அளவெடுத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

போன் பக்கத்துச் சந்தேகங்களை முதலில் தீர்த்துவிடுகிறேன். கேபிள் 1 மீட்டருக்கும் குறைவான நீளம், யுஎஸ்பி அமைப்பின் சான்று பெற்றது, டேட்டா கம்பிகள் உள்ளது (வெறும் சார்ஜிங் கேபிள் அல்ல). போனின் சார்ஜிங் துளையில் தூசியும் பஞ்சும் இல்லை. ஆண்ட்ராய்டு ஆட்டோ செயலி பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது; அதன் கேஷ் (தற்காலிகத் தரவு) அழிக்கப்பட்டு, பழைய கார் இணைப்புகள் எல்லாம் நீக்கப்பட்டுப் புதிதாகச் சேர்க்கப்பட்டது. இதே போனும் இதே கேபிளும் வேறு கார்களில் தடையின்றி ஓடுகின்றன. வேறு போன்கள் இந்தக் காரில் இதேபோல் துண்டிக்கப்படுகின்றன. இவ்வளவுக்குப் பிறகும் போனைக் குறை சொல்ல இடமில்லை.

இனி அளவுகள். யுஎஸ்பி மீட்டரும், மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறிய லோடு கருவியும் இருந்தால் எந்த டெக்னீஷியனும் பத்து நிமிடத்தில் சரிபார்க்கலாம். போர்ட்டில் எதுவும் செருகாத நிலையில் 5.08 வோல்ட் வருகிறது. 0.5 ஆம்பியர் இழுத்தால் 4.67 வோல்ட். 1 ஆம்பியர் இழுத்தால் 4.25 வோல்ட். இதே சோதனையை ஸ்கிரீனைச் சுற்றியுள்ள பேனலைக் கழற்றி, ஹெட் யூனிட்டின் (திரையோடு சேர்ந்த இசைப் பெட்டியின்) பின்புறத்து யுஎஸ்பி வாயிலிலேயே செய்தால் 1 ஆம்பியரில் 5.00 வோல்ட் கிடைக்கிறது. ஆக, ஹெட் யூனிட் நன்றாக இருக்கிறது. 0.75 வோல்ட் காணாமல் போவது, அதற்கும் போர்ட்டுக்கும் நடுவில் உள்ள சுமார் ஒன்றரை மீட்டர் உள் கேபிளிலும் அதன் நடுவே இரு துண்டுகளை இணைக்கப் போட்டிருக்கும் கப்ளரிலும்.

யுஎஸ்பி 2.0 விதிப்படி, முழு மின்னோட்டம் தரும் போர்ட்டில் 0.5 ஆம்பியர் வரை 4.75 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. இந்த போர்ட் அதிலேயே தவறுகிறது. அதன் மூடியிலோ 1.5 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறீர்கள்.

காரணம் கம்பியின் தடிமன். உள் கேபிளின் மின்கம்பிகள் 28 கேஜ் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்). அந்தக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. மின்சாரம் போகவும் திரும்பவும் வேண்டும் என்பதால் ஒன்றரை மீட்டர் கேபிள் என்பது கணக்கில் 3 மீட்டர் கம்பி. மின்தடை ஏறத்தாழ 0.64 ஓம். மிச்சம் 0.1 ஓம் கப்ளரின் முனைகளில். அளந்ததும் கணக்கும் ஒத்துப்போகின்றன. 24 கேஜ் கம்பி போட்டிருந்தால் இதே தூரத்துக்கு 0.25 ஓம்தான் வந்திருக்கும். தெருக்கோடி வீட்டுக்கு மின்னழுத்தம் குறைவதுபோன்ற இந்தக் குறையை வடிவமைப்பு மேசையிலேயே கணக்குப் போட்டுத் தவிர்த்திருக்க முடியும்.

சார்ஜ் மெதுவாக ஏறுவதோடு இது நின்றிருந்தால் இத்தனை எழுத வேண்டியதில்லை. இணைப்பே ஏன் துண்டிக்கப்படுகிறது என்பதை உங்கள் சர்வீஸ் பிரிவு புரிந்துகொள்ள வேண்டும். கேபிளில் இழக்கப்படும் 0.75 வோல்ட்டில் பாதி, அதாவது 0.37 வோல்ட் அளவுக்கு, கிரவுண்டு கம்பியில் (மின்சாரம் திரும்பி வரும் கம்பியில்) விழுகிறது. அப்போது போனின் கிரவுண்டு காரின் கிரவுண்டைவிட அவ்வளவு உயர்ந்து நிற்கிறது. ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேவும் ஓடும் யுஎஸ்பி ஹை-ஸ்பீடு சிக்னலோ மிகச் சிறியது: 0.4 வோல்ட் வித்தியாசம், சராசரியாக 0.2 வோல்ட் உயரத்தில். அந்தச் சராசரி மைனஸ் 0.05 முதல் பிளஸ் 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் மட்டுமே ரிசீவர் சரியாகப் படிக்கும் என்பது விதி. 1 ஆம்பியர் ஓடும்போது போன் அனுப்பும் சிக்னல் காருக்கு 0.57 வோல்ட் உயரத்தில் வருகிறது. கார் அனுப்புவது போனுக்கு மைனஸ் 0.17 வோல்ட்டில் போய்ச் சேர்கிறது. இரண்டுமே வரம்புக்கு வெளியே. பிழைகள் பெருகி இணைப்பு ரீசெட் ஆகிறது, திரை கறுக்கிறது.

பேட்டரி நிறைந்த போன் ஒழுங்காக ஓடுவதும், 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் போன் அடிக்கடி துண்டிக்கப்படுவதும் இதனால்தான். சார்ஜ் குறைந்த போன் அதிக மின்னோட்டம் இழுக்கிறது. மேப், மொபைல் டேட்டா, வெயிலில் முழு வெளிச்சத்தில் திரை என்று சேர்ந்தால் இழுப்பு இன்னும் கூடும். "போனை முழுச் சார்ஜில் வைத்து ஓட்டுங்கள்" என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னது ஓரளவு பலன் தருவதும் இதே காரணத்தால்தான். ஆனால் அது பழுதைச் சுற்றிப்போகும் வழி. உள் கேபிளை விட்டுவிட்டு, ஹெட் யூனிட்டின் பின்புறத்திலேயே போனை நேராகச் செருகினால், சார்ஜ் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இணைப்பு துண்டிக்கப்படுவதில்லை. இதை உங்கள் பொறியாளர் முன்னிலையில் செய்துகாட்டத் தயாராக இருக்கிறேன்.

ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டர் செய்வது ஃபேக்டரி ரீசெட். அது ப்ளூடூத் பட்டியலையும் ரேடியோ நிலையங்களையும் அழிக்கும். கம்பியின் தடிமனைக் கூட்டாது. தயவுசெய்து அதைப் "பழுது நீக்கப்பட்டது" என்று ஜாப் கார்டில் எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

கேபிள் வேண்டாம், வயர்லெஸ் அடாப்டர் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள் என்ற யோசனையும் தரப்பட்டது. வெளியில் விற்கும் அடாப்டர் இதே போர்ட்டில்தான் செருகப்பட வேண்டும், இதே கேபிள் வழியேதான் ஹெட் யூனிட்டுடன் பேச வேண்டும். அது காரிலிருந்து குறைவாக இழுப்பதால் பிழை குறையலாம். போனின் பேட்டரியோ ப்ளூடூத், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டையும் தாங்கிச் சூடாகும். ஆண்ட்ராய்டு 11-க்கு முந்தைய போன்கள் பெரும்பாலானவற்றில் வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ ஓடவே ஓடாது. விளம்பரத்தில் சொன்ன வசதிக்கு வாடிக்கையாளர் இன்னொரு முறை காசு கொடுப்பது எந்த வகையிலும் நியாயம் இல்லை.

இரண்டாவது குறை ஐபாடும் பென் டிரைவும். சர்வீஸ் சென்டர் கடைசியாகப் போட்ட மென்பொருள் அப்டேட்டுக்கு முன்புவரை 30 முனை கேபிளில் பாடிய ஐபாட் கிளாசிக், இப்போது "ஆதரிக்கப்படாத சாதனம்" என்று காட்டுகிறது. விற்பனை ஏட்டில் ஐபாட் இணைப்பு என்று அச்சிட்டு விற்ற வசதியைச் சொல்லாமல் எடுப்பது சரியல்ல. ஷோரூம்களில் ஐபாடையும் கார்ப்ளேயையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். கார்ப்ளே ஐபோன் 5-க்கும் அதற்குப் பின் வந்த ஐபோன்களுக்கும் மட்டும் உரியது. ஐபாட் டச் உட்பட எந்த ஐபாடிலும் அது கிடையாது. ஐபாட் பாடுவது தனி வழி. அந்த வழியைத்தான் திருப்பிக் கேட்கிறேன்.

பென் டிரைவ் விஷயத்தில் கையேடு "64 ஜிபி வரை" என்கிறது. உண்மையில் யூனிட் படிப்பது கோப்புகளைச் சேமிக்கும் முறைகளில் ஃபேட் 32-ஐ மட்டும். 32 ஜிபிக்கு மேற்பட்ட மெமரி கார்டுகளும் பல பென் டிரைவ்களும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் விற்பனைக்கு வருகின்றன. விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னலோ 32 ஜிபிக்கு மேல் ஃபேட் 32 என்ற தேர்வையே காட்டாது. கையேட்டை நம்பி அப்படிப்பட்ட 64 ஜிபி வாங்கியவர் "சாதனம் காலி" என்ற செய்தியைத்தான் பார்ப்பார். போனைப் பென் டிரைவ்போல் செருகிப் பாட்டுக் கேட்கலாம் என்ற வரியும் தவறு: இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் பென் டிரைவ்போல் அல்லாமல் எம்டிபி என்ற தனி முறையில் கோப்புகளைத் தருகின்றன, உங்கள் யூனிட்டுக்கு அந்த முறை தெரியவில்லை. கையில் வைத்துக் கேட்கும் மியூசிக் பிளேயர்களில் மாஸ் ஸ்டோரேஜ் (பென் டிரைவ்போல் இயங்கும்) தேர்வு உள்ளவை மட்டும் இதில் பாடுகின்றன. இதைக் கையேட்டில் ஒரு வரி எழுதியிருந்தாலே பலரின் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவது, தமிழ். பாடல் பெயர்கள் திரையில் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாக வருகின்றன. பாட்டுக் கோப்பில் ஐடி3 என்ற பாடல் விவரப் பகுதியின் 2.4 பதிப்பில், யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் எழுதிய பெயரை, யூனிட் லத்தீன் எழுத்து என்று எண்ணி பைட் பைட்டாகப் படிக்கிறது. தமிழின் ஒவ்வொரு குறியீடும் அதில் 3 பைட். கணினியில் அந்த விவரத்தைத் திருத்தும் டேக் எடிட்டர் மென்பொருளை வைத்து 2.3 பதிப்புக்கு, யுடிஎஃப்-16 முறையில் மாற்றிச் சேமித்தால் தமிழ் வருகிறது, ஆனால் உடைந்து வருகிறது. எழுத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் விழுகிறது: "தென்றல்" என்பதில் அது "த"வை விட்டு "ன்" பக்கம் ஒட்டிக்கொள்கிறது. யூனிட்டில் தமிழ் எழுத்துருவை ஏற்றிய நீங்கள், எழுத்துகளைக் கோக்கும் மென்பொருளை ஏற்றவில்லை. ப்ளூடூத்தில் பாடினாலும் பெயரை யூனிட்டே வரைவதால் இதே கோலம். ஆண்ட்ராய்டு ஆட்டோவில் மட்டும் சரியாக வருகிறது. அங்கே போன் வரைந்த திரையை வீடியோவாக அனுப்புகிறது, கார் அதைக் காட்டுவதோடு சரி. தமிழ்நாட்டில் இத்தனை கார்கள் விற்கும் நிறுவனம் தமிழை இப்படிக் காட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இவற்றில் அவசரமானது முதல் குறைதான். மேம்பாலம் பிரியும் இடத்தில் வழிகாட்டுதல் நின்றுபோனால் ஓட்டுநரின் கை போனுக்குப் போகிறது. ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 184-ன்படி முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கை போனுக்குப் போகாமல் இருக்கத்தான் இந்தத் திரையே.

நான் கேட்பது இவை. உள் யுஎஸ்பி கேபிளை, மின்கம்பிகள் 24 கேஜ் அல்லது அதைவிடத் தடிமனாக உள்ள, நடுவில் கப்ளர் இல்லாத, ஷீல்டு போட்ட ஒரே கேபிளாக வாரண்டியில் மாற்றித் தாருங்கள். மாற்றிய பின் போர்ட்டில் 0.5 ஆம்பியரிலும் 1 ஆம்பியரிலும் அளந்து, அந்த வோல்ட்டை ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்கள். 0.5 ஆம்பியரில் 4.75-க்குக் கீழே இருந்தால் வண்டியை எடுத்துக்கொள்ள மாட்டேன். ஐபாட் இணைப்பையும் தமிழ் எழுத்துகள் திரையில் வரும் முறையையும் சரிசெய்யும் மென்பொருளுக்குத் தேதி சொல்லுங்கள். அதை ஏற்றும்போது பழைய, புதிய பதிப்பு எண்கள் இரண்டும் ஜாப் கார்டில் இருக்கட்டும். கையேட்டின் பிழைகளைத் திருத்தி எல்லா உரிமையாளர்களுக்கும் அனுப்புங்கள். இதே மாடலில் இதே கேபிள் உள்ள மற்றவர்களும் "போன் பிரச்சினை" என்ற பதிலோடு திரும்பிப் போயிருப்பார்கள். அவர்களுக்கும் இந்த மாற்றம் கேட்காமலே கிடைக்க வேண்டும்.

கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்கீழ் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. பொருளின் குறைபாடு, சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் ஆகிய மூன்றையும் அதில் குறிப்பிடுவேன். உயர்நிலை மாடலுக்காகக் கூடுதலாகக் கொடுத்த விலையையும் இழப்பீட்டில் கேட்பேன்.

அதற்குத் தேவை வராது என்றே நம்புகிறேன். மாற்ற வேண்டியது ஒரு கேபிள். பேனலைக் கழற்றி மாட்ட ஒரு மணி நேர வேலை. அளவெடுத்த படங்கள், ஜாப் கார்டு நகல்கள், விற்பனை ஏட்டின் பக்கம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். உங்கள் தொழில்நுட்பப் பொறியாளர் வரும் நாளை மட்டும் முன்கூட்டித் தெரிவியுங்கள். வண்டியையும் மீட்டரையும் கொண்டுவந்து விடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கார் உரிமையாளர்,
கோயம்புத்தூர்.